காளிதாஸ் கதைக்குள் ராட்டை வந்த கதை: மதுரகவி பாஸ்கரதாஸ்

தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் வெளியானது. அந்தப் படத்தைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டு வேடிக்கைகளைச் சொல்லாமல் விடமாட்டார்கள். நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார், நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார், நடுவில் இன்னொருவர் இந்தியில் பேசுவார் என்பது ஒன்று. சம்ஸ்கிருத மகாகவியின் கதைக்குள் திடீரென்று காந்தியும் கதர் ராட்டையும் வருகிற பாட்டு இருந்தது, இந்தியர்கள் ஒற்றுமையாக இருக்கணும் என்று இன்னொரு பாட்டும் இருந்தது என்பது மற்றொன்று. "கதைக்குச் சம்பந்தமே இல்லாமல்" என்ற சொற்றொடர் கட்டாயம் கூடவே வரும்.

முதல் வேடிக்கைக்குக் காரணம் சுலபம். அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி பம்பாயில் அவசரமாக எடுத்த படம் அது. அதே வருஷம் மார்ச்சில் வெளியான 'ஆலம் ஆரா'வின் செட்டுகளையே மறுபடி பயன்படுத்திக்கொண்டார்கள். தமிழ் தெரிந்தவர், தெலுங்கு தெரிந்தவர் என்று கையில் கிடைத்தவர்களை வைத்து முடித்துவிட்டார்கள். (இடைச்செருகலாக ஒரு தகவல்: 'ஆலம் ஆரா'வின் மூல நாடகத்தை எழுதிய ஜோசப் டேவிட், பெனே இஸ்ரேல் என்ற பம்பாய் யூத சமூகத்தைச் சேர்ந்தவர். பார்சி நாடகக் கம்பெனிகளுக்கு எழுதியவர். இந்தியப் பேசும்படத்தின் பிறப்பில் நாடக மேடைக்காரர்களின் கைதான் ஓங்கியிருந்தது என்பதற்கு அவரும் ஒரு சாட்சி.)

இரண்டாவது வேடிக்கைதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பாட்டுகள் தெரியாமல் வந்து விழுந்தவை கிடையாது. எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். மதுரை வட்டாரத்து நாடக மேடைகளுக்கு அவர் வருஷக்கணக்காகச் செய்துவந்த வேலையைத்தான் சினிமாவுக்கும் செய்தார். 'காளிதாஸ்' பார்க்க வந்த கூட்டத்துக்கு ராட்டைப் பாட்டு அதிர்ச்சியாக இருந்திருக்காது. அது இல்லாமல் போயிருந்தால்தான் ஏதோ குறைவதாகத் தோன்றியிருக்கும் என்பது என் கணிப்பு. இதைப் புரிந்துகொள்ள அந்தக் கால நாடகம் எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்க்கணும்.

மதுரை சுற்றுவட்டாரக் கிராமங்களில் இன்றைக்கும் 'ஸ்பெஷல் நாடகம்' நடக்கிறது. அம்மன் கோயில் திருவிழா, முளைப்பாரி என்றால் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியவிடிய ஓடும். இதில் கம்பெனி கிடையாது, டைரக்டர் கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறொரு ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னொரு பக்கமிருந்து. ஆர்மோனியம், மிருதங்கம் தனி. ஒவ்வொருவருக்கும் தனித்தனி சம்பளம். சில சமயம் மேடையில்தான் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்படியும் 'வள்ளி திருமணம்' எந்தச் சிக்கலும் இல்லாமல் நடந்துவிடும். காரணம், சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பிரதி எல்லோருக்கும் மனப்பாடம். மென்பொருள் எழுதுகிறவர்கள் பாஷையில் சொன்னால், சுவாமிகளின் பிரதி ஒரு பொது இடைமுகம். அதைப் பின்பற்றுகிற யாரும் யாரோடும் சேர்ந்து ஓடலாம்.

சுவாமிகள் 1867-ல் பிறந்து 1922-ல் மறைந்தவர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற பையன்கள் கம்பெனியைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்கள்தான். வைகைக் கரையில் அன்றைக்கு நாடகம் ஒரு முழுத் தொழில். நடிகர்கள், வாத்தியார்கள், பக்கவாத்தியக்காரர்கள், நோட்டீஸ் அடிக்கிறவர்கள் என்று தெக்கத்தி மாவட்டங்கள் முழுவதுமிருந்து ஆட்கள் மதுரைக்கு வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள்.

சரி, பிரதி ஒன்றுதான். கதையும் கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரிந்த கதை. அப்படியென்றால் எதைக் கேட்க ஜனங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்தார்கள்? பாட்டை. அதுவும் பிரதியில் இல்லாத பாட்டை. முருகன் வேடத்தில் வருகிறவர் அன்றைக்கு என்ன புதுப் பாட்டு கொண்டுவந்திருக்கிறார் என்பதுதான் பேச்சாக இருந்தது. பாட்டு பிடித்தால் 'ஒன்ஸ்மோர்' கேட்பார்கள். காட்சி அப்படியே நிற்கும், பாட்டு இரண்டாம் முறை, மூன்றாம் முறை போகும். கதை நின்றுவிட்டதே என்று அங்கே யாரும் கவலைப்பட்டதில்லை.

பாஸ்கரதாஸ் தொழில் செய்தது இந்த இடைவெளிக்குள்தான்.

அவர் 1892-ல் பிறந்தவர். இயற்பெயர் வெள்ளைச்சாமி. வெள்ளைக்காரனுக்கு எதிராக அத்தனை பாட்டு எழுதியவரின் பெயர் வெள்ளைச்சாமி என்பது கதையாசிரியர்கள்கூட யோசிக்கத் தயங்குகிற பொருத்தம். சங்கரதாஸ், விஸ்வநாததாஸ் என்று மேடை உலகில் 'தாஸ்' போட்டுக்கொள்வது அன்றைய வழக்கம். இவரும் பாஸ்கரதாஸ் ஆனார், ஊர்ப் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டு மதுரை பாஸ்கரதாஸ் ஆனார், மதுரகவி என்பது பட்டமாகச் சேர்ந்தது. நாடகம் எழுதினார், நடிகர்களுக்கு வாத்தியாராக இருந்தார். ஆனால் ஜனங்களிடம் போய்ச்சேர்ந்தது பாட்டுதான்.

1921 செப்டம்பர் 22-ல் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறினார். அந்த ஊரில் பாட்டு எழுதிக்கொண்டிருந்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய விஷயம் கிடைத்திருக்க முடியாது. முருகனையும் ராமனையும் பாடின மெட்டிலேயே காந்தியைப் பாட முடிந்தது. ஏழைத் துறவியாகக் காந்தியை வர்ணிக்கும் பாஸ்கரதாஸின் பாட்டைக் கே.பி. சுந்தராம்பாள் பாடி கிராமபோன் தட்டாக வந்தது. பட்டினத்தாரைத் தெரிந்த கூட்டத்துக்குக் காந்தியைப் புரியவைக்க அரசியல் பிரசங்கம் தேவைப்படவில்லை.

அரசாங்கம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. 1876-லேயே நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. ராஜதுரோகம் என்று பட்டால் நாடகத்தைத் தடைசெய்யலாம். ஆனால் இந்தச் சட்டத்தில் நடைமுறையில் ஒரு ஓட்டை இருந்தது. தடைசெய்ய ஒரு பிரதி வேண்டும். 'வள்ளி திருமணம்' பிரதியை எடுத்து எத்தனை தடவை படித்தாலும் அதில் ராஜதுரோகம் இருக்காது. முருகன் வள்ளியைக் காதலிப்பதில் என்ன ராஜதுரோகம்? ஆட்சேபகரமான விஷயம் எல்லாம் பிரதிக்கு வெளியே, பாடுகிறவர் தொண்டையில் இருந்தது. நாடகத்தைத் தடைசெய்ய வழியில்லாமல் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தார்கள், நடிகர்களைக் கைது செய்தார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் கொக்குப் பாட்டு. 'வள்ளி திருமண'த்தில் தினைப்புனம் காக்கும் காட்சி உண்டு, தெரியும்தானே. கதிரைத் தின்ன வரும் பறவைகளை விரட்டணும். அந்த இடத்துக்குப் பாஸ்கரதாஸ் வெள்ளைக் கொக்கை வைத்து ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். எங்கிருந்தோ வந்து நம்ம விளைச்சலைத் தின்கிற வெள்ளைக் கொக்கு யார் என்று கடைசி வரிசையில் தூங்கிவழிகிற ஆளுக்கும் தெரியும். வழக்குப் போடணும் என்றால் போலீஸ்காரர்தான் "கொக்கு என்பது எங்களைத்தான்" என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அதுவும் இந்தப் பாட்டு கதைக்கு வெளியே நிற்கவில்லை. பறவை ஓட்டும் இடத்தில் பறவைப் பாட்டு. இடம் பார்த்து எழுதுகிற இந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் நான் பாஸ்கரதாஸின் உண்மையான திறமையாக நினைக்கிறேன். தனியாக எடுத்துப் படித்தால் அவருடைய பல பாட்டுகள் சாதாரணமாகத்தான் தெரியும். பாரதியின் அடர்த்தி அங்கே கிடையாது. மேடையில், அந்த வேடத்தில், அந்த நேரத்தில் அவை வேறு பொருள்.

கொக்குப் பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் எஸ்.எஸ். விஸ்வநாததாஸ். சிவகாசியில் 1886-ல் பிறந்து, மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்தில் வாழ்ந்தவர். முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். சாதியைக் காரணம் காட்டி அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்தவர்கள் உண்டு. பாட்டுக்காகப் பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 ராத்திரி சென்னையில் முருகன் வேடத்தில் மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. இப்படி ஒரு வாழ்க்கை வாழ்ந்தவரிடம் பாட்டு போய்ச் சேர்ந்தால் அது அவருடைய பாட்டாகிவிடுவது இயற்கை. கொக்குப் பாட்டு என்றால் பெரும்பாலானவர்களுக்கு விஸ்வநாததாஸ் பாட்டு. கிராமபோன் பாட்டு என்றால் சுந்தராம்பாள் பாட்டு. சிறைக்குப் போனவரிடமிருந்து பெயரைப் பிடுங்கணும் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதினவர் பெயர் எப்படித் தேய்கிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

அந்தக் காலப் பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால் இது இன்னும் தெளிவாகும். மலிவுக் காகிதம், சில பக்கங்கள். பாட்டுக்கு மேலே ராகம், தாளம் இருந்தாலும் இருக்கும். கட்டாயம் இருப்பது 'மெட்டு'. அதாவது, ஏற்கெனவே பிரபலமான இன்னொரு பாட்டின் பெயரைப் போட்டு, அதுபோலப் பாடு என்று ஒரு குறிப்பு. ஸ்வரக் குறிப்பு தேவையில்லை, வாத்தியார் தேவையில்லை. இந்துஸ்தானி மெட்டு, பார்சி மெட்டு எல்லாம் இப்படித்தான் தமிழ்நாட்டுப் பட்டிதொட்டி வரை இறங்கின. பாட்டு பரவ இது அருமையான ஏற்பாடு. ஒரு மெட்டு தெரிந்தால் பத்துப் பாட்டு பாடலாம். ஆனால் இதே ஏற்பாட்டில் மெட்டுக்காரர் யார், சொல்லுக்காரர் யார் என்ற கணக்கு தொலைந்துவிடுகிறது.

பிறகு கிராமபோன் வந்தது. 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான். மேடையில் ஒன்ஸ்மோர் வாங்கி அரைமணி நேரம் இழுத்த பாட்டை மூன்று நிமிஷத்துக்குள் அடக்கணும். பல்லவி, அனுபல்லவி, ஒரு சரணம், அவ்வளவுதான். மைக் இல்லாத மேடைக்கு எழுதிப் பழகினவர், குழாய்க்குள் பாடுகிறவருக்கு எழுத வேண்டியிருந்தது. பாஸ்கரதாஸ் இந்த மாற்றத்தைக் கடந்தார். அடுத்து பேசும்படம் வந்தபோது அதற்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். 'காளிதா'ஸுக்குப் பிறகு 1933-ல் 'வள்ளி திருமணம்' படமாக வந்தது, அதே டி.பி. ராஜலட்சுமி நடித்து. அதற்கும் பாட்டு இவர். மேடை, தட்டு, திரை என்று மூன்றிலும் எழுதிய முதல் தலைமுறைத் தமிழ்ப் பாட்டாசிரியர் என்று அவரைத் தயங்காமல் சொல்லலாம்.

இப்போது 'காளிதா'ஸுக்குத் திரும்புவோம். வருஷம் 1931. உப்புச் சத்தியாகிரகம் முடிந்து ஒரு வருஷம். மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தம், அதே மாதம் பகத்சிங் தூக்கு. படம் வெளியான அன்று காந்தி லண்டனில் வட்டமேஜை மாநாட்டில், மதுரையில் எடுத்த அதே அரையாடையில். சினிமாவுக்குத் தணிக்கை இருந்தது. ஆனாலும் ராட்டை திரைக்கு வந்துவிட்டது. ராட்டையைக் காந்தியின் கை ஆயுதமாகச் சொல்கிற அந்தப் பாட்டைக் கேட்டுப் பழகிய கூட்டம்தான் டிக்கெட் வாங்கி உள்ளே வந்தது. ஸ்பெஷல் நாடகத்தின் விதிப்படி பார்த்தால், கதை காளிதாஸன் உடையது, பாட்டு கேட்கிறவர்கள் உடையது. பாஸ்கரதாஸும் ராஜலட்சுமியும் அந்த விதியைத்தான் பம்பாய்க்குக் கொண்டுபோனார்கள். 'சம்பந்தமில்லாத பாட்டு' என்று நாம் சொல்வது பிற்காலத்து ரசனையை முன்காலத்தின்மேல் போட்டுப் பார்ப்பது. அதுவும் தமிழ் சினிமா பார்க்கிற நாம் அப்படிச் சொல்வது கொஞ்சம் ஓவர்! கதையை நிறுத்திவிட்டுப் பாட்டுக்கு வழிவிடுகிற வழக்கத்தை இன்றுவரை யார் விட்டிருக்கிறார்கள்?

இதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு பாட்டாசிரியர் இருந்தார். அவரையும் இங்கே கூப்பிடக் காரணம் உண்டு. இர்விங் பெர்லின். 1888-ல் ரஷ்யப் பேரரசில் பிறந்த யூதர், இயற்பெயர் இஸ்ரேல். ஐந்து வயதில், 1893-ல், குடும்பத்தோடு அகதியாக நியூயார்க் வந்து இறங்கினார். அப்பா யூத ஆலயத்தில் பாடகர். பையன் தெருவில் பாடி, ஹோட்டலில் பாடும் பரிசாரகனாக இருந்து, 1907-ல் முதல் பாட்டை அச்சில் பார்த்தார். அச்சில் பெயர் பெய்லின் இல்லாமல் பெர்லின் என்று வந்தது, அதையே வைத்துக்கொண்டார். அந்தப் பாட்டுக்குக் கிடைத்தது அரை டாலர்கூட இல்லை. இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது, பியானோவில் கறுப்புக் கட்டைகளை மட்டுமே வைத்துச் சமாளித்தவர். அமெரிக்காவின் முதல் பெரிய பேசும்படமான 'தி ஜாஸ் சிங்கர்' 1927-ல் வந்தபோது அதில் அவருடைய பாட்டு இருந்தது. தேசபக்திப் பாட்டு எழுதி, அது கிட்டத்தட்ட இரண்டாவது தேசிய கீதமாகிவிட்டது.

பெயர் மாற்றம், ஸ்வரம் தேவைப்படாத பாட்டுத் தொழில், முதல் பேசும்படம், தேசபக்தி என்று வரிசையாகப் பார்த்தால் பாஸ்கரதாஸின் வாழ்க்கைக்குப் பக்கத்தில் வைக்கலாம் போலிருக்கிறது. வித்தியாசம் ஒரே இடத்தில்தான், ஆனால் அது பெரிய இடம். 1914-ல் அமெரிக்கப் பாட்டாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ஆஸ்காப் என்ற சங்கத்தை அமைத்தார்கள். ஹோட்டலிலோ தியேட்டரிலோ பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பங்கு. பெர்லின் அதன் தொடக்க உறுப்பினர். 1919-ல் சொந்தமாகப் பதிப்பகமும் ஆரம்பித்தார். தேசபக்திப் பாட்டின் வருமானத்தைச் சாரணர் இயக்கத்துக்கு எழுதிவைத்தார். எழுதிவைக்க முதலில் வருமானம் தன் பெயருக்கு வந்து சேரணும் இல்லையா? காசு வரவேண்டும் என்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் யார் என்று பதிவு இருந்தாகணும். அகதியாக வந்த பையனின் பெயர் தொலையாமல் இருந்ததற்குப் புகழ் பாதிக் காரணம், இந்தப் பதிவேடு மீதிக் காரணம். நாங்கள் எழுதும் நிரலில் எந்த வரியை யார் எழுதினார் என்று ஒரு கட்டளையில் தெரிந்துகொள்ள முடியும். அது நன்றியுணர்ச்சியால் வந்த வசதி கிடையாது, கணக்கு வைக்கிற தேவையால் வந்தது.

மதுரையில் அந்தக் கணக்கு இருக்கவில்லை. இந்தியாவில் 1914-லேயே காப்புரிமைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஆயிரம் கிராமங்களில் ராத்திரி பத்து மணிக்கு யார் எந்தப் பாட்டைப் பாடினார் என்று எழுதிவைக்க ஆள் ஏது? பாட்டாசிரியர்களுக்கான ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் இங்கே 1969-ல்தான் வந்தது. 1977-ல் உச்சநீதிமன்றம் சினிமாப் பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்குத்தான் என்று சொல்லிவிட்டது.

பாஸ்கரதாஸ் அதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. கடைசிக் காலத்தில் விளாத்திகுளம் பக்கம் நாகலாபுரத்தில் இருந்தார், 1952-ல் மறைந்தார். 'காளிதாஸ்' படச்சுருள் இன்றைக்கு எங்கேயும் கிடையாது. தேசிய இயக்கத்துக்கும் நாடக, சினிமா மேடைக்கும் இருந்த உறவைப் பற்றி தியடோர் பாஸ்கரன் 1981-ல் எழுதிய ஆங்கிலப் புத்தகம் இவர் பெயரை ஆய்வுலகத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு மேல் கிடைத்த பெரிய புதையல் அவருடைய நாட்குறிப்புகள். 1917-லிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் எழுதிவந்தவை. அவருடைய பேரனும் 'மணல்மகுடி' நாடகக் குழுவை நடத்துபவருமான ச. முருகபூபதி தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். (எழுத்தாளர்கள் ச. தமிழ்ச்செல்வனும் கோணங்கியும் இவருடைய அண்ணன்கள். தாத்தா சொத்து வீண்போகவில்லை.) தியாகம், எழுச்சி என்று நாம் எதிர்பார்க்கும் பெரிய வார்த்தைகளைத் தேடி அதைத் திறக்கக் கூடாது. பாட்டு எழுதுவதை அன்றாடத் தொழிலாக வைத்திருந்த ஒருவரின் கணக்காகப் படிக்கணும். தேசிய இயக்கத்தின் பாட்டுகள் இப்படி ஒரு உழைப்பில்தான் உருவாயின என்பதே எனக்குப் பெரிய செய்தி.

கடைசியாக ஒரு தேதி விவகாரம். பாட்டாசிரியர்கள் விட்டுக்கொடுக்க முடியாதபடி அவர்களுக்குப் பங்கு உண்டு என்று திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2012 ஜூனில். நம் சட்டப்படி எழுதியவர் இறந்த வருஷத்துக்குப் பிறகு 60 வருஷம் உரிமை இருக்கும். 1952-ல் இறந்த பாஸ்கரதாஸின் பாட்டுகளுக்கு அது 2012 டிசம்பர் 31-ல் முடிந்தது. ஆக, சட்டம் கைகொடுத்தது ஆறு மாசத்துக்குத்தான்! 2013 ஜனவரி 1-லிருந்து, அவர் உயிரோடு இருந்தபோது அச்சான அந்தப் பாட்டுகளை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், பாடலாம், மெட்டு மாற்றலாம். (நாட்குறிப்பு பிற்பாடு வெளியானது, அதற்குக் கணக்கு வேறு.)

தாத்தா பாட்டி வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ, சுந்தராம்பாள் தட்டோ இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அட்டையில் 'மதுரை பாஸ்கரதாஸ்' என்று இருந்தால், அச்சகத்தின் பெயர், வருஷம், விலை, மெட்டுக் குறிப்பு எல்லாம் தெரிகிற மாதிரி எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். தட்டு என்றால் நடுவிலுள்ள லேபிள், விளிம்பில் பொறித்திருக்கும் எண் இரண்டும் வேண்டும். யார் எழுதியது என்று அந்த லேபிளில் இருக்கிறதா இல்லையா என்பதையும் குறித்துவையுங்கள்.